உயிரிரக்கமும் கட்சிப்பற்றும்

சைவ பாடசாலைகளிலே கற்பிக்கும் உபாத்தியாயர்களே,

எவ்வுயிர்க்கும் இரங்குதல் சைவர்க்குரிய முதலறம் என்பதை நீங்கள் மாணாக்கர்க்கு நாடோறும் போதித்து வருகின்றீர்கள். அதனை நாம் புதிதாக எடுத்துரைத்தல் வேண்டா. ஆயினும் ஒரு வினாவுக்கு நாம் அனைவேமும் விடைகூறக் கடமைப்பட்டிருக்கின்றோம். நாம் கொண்ட சமயமும் அரசியற் கொள்கையும் நமது இரக்கத்தை விரிக்கின்றனவா, சுருக்குகின்றனவா?

தாயொருத்தி தன் மகவின் அழுகைக்கு இரங்குதற்கு யாதொரு நூலுங் கற்க வேண்டுவதில்லை. இரக்கம் உயிர்க்கு இயல்பு. அது எவர்பாற் செல்லலாம், எவர்பாற் செல்லலாகாது என்று வரம்பு கட்டுவதே பெரும்பாலும் கொள்கையின் தொழிலாயிருக்கின்றது. நம் கட்சியான் ஒருவன் அடிபட்டானெனக் கேட்டவுடன் நெஞ்சு பதைக்கின்றது. மாற்றுக் கட்சியான் அடிபட்டானெனின், அவன் யாது குற்றஞ் செய்தானோ என்று அதே நெஞ்சு காரணம் வினவுகின்றது. இங்கே உள்ள குறை இரக்கமின்மையன்று; இரக்கம் ஒருபாற் சாய்ந்தமையே. அன்றியும், நம்மவர் துன்பத்தை மாத்திரமே நினைந்து நினைந்து உருகுதல் பிறர்மேல் வன்மமாய் முடிதலும் உண்டு.

இதற்கு மருந்து நம்முடைய பெரியபுராணத்திலேயே உளது. திருவாரூரிலே அரசிளங்குமரனது தேர்க்காலில் அகப்பட்டுப் பசுக்கன்று இறந்தபொழுது, நூல் விதித்த பிராயச்சித்தஞ் செய்தல் போதும் என்று அமைச்சர் கூறினர். அப்பிராயச்சித்தம் கன்றை இழந்த பசுவின் துயரைத் தீர்க்குமோ என்பதே மநுநீதிச் சோழன் எழுப்பிய வினா. பிறனொருவன் கொன்றால் ஒரு நீதி, தன் மகன் கொன்றால் வேறொரு நீதி என்பதை அவன் ஒப்பவில்லை. அவன் தன் பக்கத்தில் நின்று நோக்காது, மணியை அடித்த பசுவின் பக்கத்தில் நின்று நோக்கினான். நீதியோடு கூடிய இரக்கம் இதுவே.

அந்நூலிலேயே திருநாளைப்போவார் சரிதமும் உளது. பேரிகைக்கு வேண்டிய தோலும் யாழுக்கு வேண்டிய நரம்பும் அவர் கொடுத்தவை. அவை கோயிலினுள்ளே சென்றன. கொடுத்தவர் புறத்தே நின்றார். திருப்புன்கூரிலே அவர் கண்டு வணங்கும்படி இறைவர் நந்தியை விலகச் செய்தருளினார்.

இச்சரிதத்தைப் படித்து உருகிய நம் முன்னோர் யாது செய்தனர்? யாழ்ப்பாணத்துப் பாடசாலைகள் பலவற்றிலே ஒடுக்கப்பட்ட சாதிகளிற் பிறந்த பிள்ளைகள் வாங்கில் இருக்கலாகாது, தரையிலே இருத்தல் வேண்டும் என்ற வழக்கம் இருந்தது. 1929ஆம் ஆண்டில், நன்கொடை பெறும் பாடசாலைகளிலே சகல மாணாக்கர்க்கும் சமஆசனம் கொடுத்தல் வேண்டும் என்று பணிக்கப்பட்டது. எதிர்ப்பு மூண்டது, பாடசாலைகள் சில தீக்கிரையாயின. எதிர்த்தவருள்ளே சைவாபிமானிகளும் இருந்தனர். அவர்கள் கன்னெஞ்சரல்லர், தண்ணீர்ப்பந்தல் வைத்தோரும் அன்னதானஞ் செய்தோரும் அவருள் இருந்திருப்பர். ஆயின் அவர்தம் இரக்கத்துக்கு ஒரு வேலி இருந்தது. நந்தி விலகிற்று, மனிதர் விலகிலர். சாதி காரணமாகக் கோயிலிலும் பாடசாலையிலும் ஒருவரைத் தடுத்தல் குற்றமென 1957ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த பின்னும், 1968இல் மாவிட்டபுரத்திலே கோயில் வாயிலில் அடியார் தடுக்கப்பட்டனர்.

சமயத்துக்குச் சொன்னது அரசியலுக்கும் பொருந்தும். 1983ஆம் ஆண்டு ஆடி மாதத்திலே தென்னிலங்கையில் வீடிழந்து வந்த தமிழர்க்காக நாம் அழுதோம், அழுதது முறையே. 1990ஆம் ஆண்டு ஐப்பசியிலே வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்தில் இருந்தோர்க்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணிநேரம். தலைமுறை தலைமுறையாக நம் அயலில் வாழ்ந்த அவர்க்காக நாம் எத்துணைபேர் வாய்திறந்தோம்? அச்சத்தால் அடங்கினோர் உளர்; அவரை நாம் பழிக்கின்றிலேம். கொள்கையின் பொருட்டு இது தகும் என்று உள்ளத்தை ஆற்றிக்கொண்டோரும் உளர். 1995ஆம் ஆண்டு ஐப்பசியிலே வலிகாம மக்களாகிய நாமே மூட்டையுங் கையுமாய்ச் செம்மணி வழியே நடந்தபொழுது, வீடு விட்டு நீங்குதல் இன்னதென்பது நம் கால்களுக்குத் தெரிந்தது.

பதி ஒருவர், உயிர்கள் பல, மலம் அவ்வுயிர்கள் எல்லாவற்றுக்கும் உளது என்பது நம் சித்தாந்தம். யான், எனது என்னுஞ் செருக்கை ஆணவத்தின் காரியமென்று கற்பிக்கின்றோம். எம்மவர், எமது கட்சி என்பனவும் அதன் பன்மையே அன்றோ? ஒருமையிற் குற்றமாயது பன்மையிற் குணமாதல் எங்ஙனம்?

இதனாற் கொள்கையைக் கைவிடுக என்கின்றோமல்லோம். இரங்குதல் வேறு, இணங்குதல் வேறு. அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியாரின் பரபக்கத்திலே பிறர் மதத்தை முன்னர் எடுத்துக் கூறிய பின்னரே மறுத்தனர். அம்முறையைத் துயரத்துக்கும் கொள்ளுக. வகுப்பிலே பிணக்கு நேர்ந்தால், ஒவ்வொரு பிள்ளையும் தன் முறைப்பாட்டைச் சொல்லுமுன் மற்றவனுடைய வருத்தத்தைச் சொல்லுமாறு செய்யுங்கள். "ஆம், என் வருத்தம் இதுவே" என்று மற்றவன் ஒப்பிய பின்னரே தீர்ப்புக் கூறுங்கள். நந்தனார் சரிதத்தைப் படிப்பித்து முடிக்கும் நாளிலே, இன்று நம் ஊரில் வாயிலுக்குப் புறத்தே நிற்பவர் யாவர் என்று கேளுங்கள். விடை நமக்கே நாணந் தருவதாயினும் அதனைத் தடுக்காதீர்கள்.

பிள்ளைகளுக்கு முன்னே நாம் விலகி வழிவிடுதல் வேண்டும். அதற்குச் சிவபெருமான் திருவருள் முன்னிற்க.

திருச்சிற்றம்பலம்.