பிறர் தியாகம்

தியாகம் என்ற சொல்லுக்கு 'நான்' என்ற எழுவாயோடு மட்டுமே அர்த்தம் உண்டு. நான் துறக்கிறேன் என்று ஒருவன் சொல்லலாம். நீ துற என்று அவன் அடுத்தவனிடம் சொல்லும் கணத்தில் அது கட்டளையாகவோ வசூலாகவோ மாறிவிடுகிறது. இந்தச் சின்ன இலக்கண உண்மை நம் சேவை ஸ்தாபனங்களின் சம்பளப் பட்டியல்களில் மறக்கப்பட்டுக் கிடக்கிறது என்று எனக்குப் படுகிறது.

இத்தகைய ஸ்தாபனங்கள் சிலவற்றின் கணக்குகளைப் பல வருஷங்கள் பார்த்திருக்கிறேன். அவற்றில் ஒன்றில், திட்டத்தில் ஒதுக்கிய சம்பளம் முழுவதும் ஊழியர்களின் வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படும். அதே வாரத்தில் அதன் ஒரு பகுதியை அவர்கள் நன்கொடையாகத் திருப்பிக் கட்டுவார்கள். ரசீது உண்டு. கணக்கில் பிழை கிடையாது. நன்கொடையாளர் பட்டியலில் சமையற்கார அம்மாளின் பெயரும் உள்ளூர் மில் முதலாளியின் பெயரும் அடுத்தடுத்து இருந்தன. வருமானத்தில் என்ன பங்கு என்று பார்த்தால் அந்த அம்மாள் கொடுத்தது முதலாளி கொடுத்ததைவிடப் பல மடங்கு. ஆண்டு விழாவில் பொன்னாடை முதலாளிக்கு. இந்த ஸ்தாபனத்தையாவது ஒருவகையில் நேர்மையானது என்று சொல்ல வேண்டும், ரசீது போட்டது. மற்றவை ஆரம்பத்திலேயே குறைத்துக் கொடுத்து, வாங்கிய நன்கொடையின் தடயமே இல்லாமல் செய்துவிடுகின்றன.

'நாங்களும் குறைவாகத்தானே எடுத்துக்கொள்கிறோம்' என்பது நிர்வாகிகளின் முதல் பதில். வாஸ்தவம். கோகலே மாதம் 75 ரூபாய் சம்பளத்தில் இருபது ஆண்டுகள் உழைப்பதாக ஒப்புக்கொண்டு டெக்கான் கல்விக் கழகத்தில் சேர்ந்தவர். 1905-ல் அவர் பூனாவில் நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்தின் உறுப்பினர்கள், சங்கத்தால் கொடுக்க முடிந்ததைக் கொண்டு திருப்தியடைவதாகவும் தமக்கென்று பொருள் ஈட்டுவதில்லை என்றும் உறுதிமொழி எடுத்தார்கள். அவர்களுக்கு வேறு கதவுகள் திறந்திருந்தன. அவற்றைத் தாமே சாத்திவிட்டு வந்தார்கள். பஸ் போகிற தூரத்துக்குள் வேறு வேலை கிடைக்காத ஒரு பெண் குறைந்த சம்பளத்துக்குத் தலையாட்டுவதை இதன் பக்கத்தில் வைக்க முடியாது. மறுக்க வழியுள்ளவன் இசைந்தால்தான் அது இசைவு.

இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. ஊதியம் என்ற சொல்லுக்குக் குறளில் லாபம் என்று பொருள். அது வருகிற இடங்களில் ஒன்று புகழ் அதிகாரம். கொடுத்துப் பெறும் புகழ்தான் உயிருக்கு லாபம் என்பது அங்கு கருத்து. இன்று அதே சொல் சம்பளம் என்றாகியிருக்கிறது. ஸ்தாபனத்தை நடத்துகிறவருக்குப் பழைய பொருளில் ஊதியம் கிடைத்துவிடுகிறது. புதிய பொருளிலாவது அது சமையலறைக்குப் போய்ச் சேர வேண்டாமா?

1978-ல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வில் வி. ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு இந்தப் பிரச்னையின் மையத்தைத் தொட்டது. தர்ம ஸ்தாபனங்களை அவர் மூன்றாகப் பிரித்தார். வியாபாரம் செய்து லாபத்தைத் தர்மத்துக்குக் கொடுப்பவை. லாபமே இல்லாமல் ஏழைகளுக்குச் சேவை செய்தாலும், மற்ற இடங்களைப் போலவே கூலிக்கு ஆள் வைத்துக்கொள்பவை. கூலிக்காக அல்லாமல் லட்சியத்தில் பங்குகொண்டு வருபவர்களால் நடப்பவை. முதல் இரண்டும் தொழில்கள், மூன்றாவது மட்டும் அல்ல என்பது முடிவு. பணம் கடைசியில் எங்கே போகிறது என்பது வேலை செய்கிறவனின் பிரச்னை அல்ல. எஜமானனுக்கும் அவனுக்கும் உள்ள உறவு என்ன என்பதே கேள்வி. நம் ஸ்தாபனங்களில் பெரும்பாலானவை இரண்டாம் வகையில் இருந்துகொண்டு மூன்றாம் வகையின் பாஷையைப் பேசுகின்றன. அவற்றின் பொய் அங்கேதான் தொடங்குகிறது.

ஆனால் இதற்கெல்லாம் எதிராகச் சொல்லக்கூடிய ஒரு வாதம் உண்டு. அதைச் சுலபமாகத் தள்ளிவிடக் கூடாது. ஆயாவின் சம்பளத்தைக் கூட்டினால் குழந்தையின் பால் குறையும். பணம் ஒரே பெட்டியிலிருந்துதான் வருகிறது.

இதே சங்கடம் 1935-ல் காந்திக்கு வந்தது. 1925-ல் ஆரம்பித்த அகில இந்திய சர்க்கா சங்கம் கதரை மலிவாக்கப் பாடுபட்டுவந்தது. மலிவு நூற்பவளின் கூலியிலிருந்து வந்தது. எட்டு மணி நேர நூற்புக்கு எட்டணா கிடைக்க வேண்டும் என்று காந்தி சொன்னபோது, விலை ஏறும், விற்பனை விழும், நூற்பவளுக்கு உள்ள வேலையும் போகும் என்று சங்கத்துக்காரர்களே பயந்தார்கள். அந்தப் பயம் பொய் அல்ல. எட்டணாவை எட்ட முடியவில்லை. அதைவிட மிகக் குறைந்த ஒரு கூலியையே தொடக்கமாக நிர்ணயிக்க முடிந்தது. ஆனாலும் கேள்வி இடம் மாறிவிட்டது. ஏழைக்காக நடக்கும் காரியத்தின் செலவை இன்னொரு ஏழையின் தலையில் கட்டி, அந்தக் காரியம் மலிவாக முடிகிறது என்று சொல்ல அதன் பிறகு முடியாது. கதரின் உண்மையான விலை இது, வாங்குகிறவன் கொடுக்கட்டும் என்றாயிற்று.

இதை ஒப்புக்கொண்டால் ஒரு வேதனையான முடிவுக்கு வந்துசேர வேண்டும். நான்கு காப்பகங்களை நியாயமான சம்பளத்தில் நடத்த முடியாதென்றால் மூன்றை நடத்த வேண்டும். நான்காவது காப்பகத்துக் குழந்தைகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்வது கஷ்டம். ஆனால் அந்த முகங்களைக் காட்டித்தான் ஆயாக்களின் வாய் அடைக்கப்படுகிறது என்பதும் நினைவிருக்க வேண்டும்.

பழி முழுவதையும் நிர்வாகிகள் மேல் போடுவதும் நியாயமில்லை. கொடுப்பவர்கள் தங்கள் பணம் 'நேராக ஏழைக்கு'ப் போக வேண்டும் என்கிறார்கள், ஏதோ சோறு தானாக வெந்துவிடும் என்பதுபோல. சட்டமும் இந்த மனோபாவத்துக்கு உடந்தை. அந்நிய நன்கொடையில் நிர்வாகச் செலவின் உச்ச வரம்பு 2020-ல் 50 சதவிகிதத்திலிருந்து 20 ஆகக் குறைக்கப்பட்டது. விதிகளின்படி ஆஸ்பத்திரி டாக்டரின் சம்பளம் சேவைச் செலவு. நிர்வாகத்துக்கு வைத்துக்கொள்கிற ஆளின் சம்பளம் நிர்வாகச் செலவு. கணக்கெழுதுகிறவனுக்கும் வயிறு உண்டு என்பது யோக்கியதைக் குறைவான விஷயமாகிவிடுகிறது.

குறைந்த சம்பளம் வேலையையும் கெடுக்கிறது. 'நாம் ஒரு குடும்பம்' என்று சொல்லும் இடத்தில் நியமனக் கடிதம் இராது. லீவு விதி இராது. குடும்பம் என்றால் சொத்தில் பங்கு உண்டு, அது இங்கு இல்லை. நியாயமான கூலி கொடுக்காதவனுக்கு வேலையைக் கண்டிப்பாகக் கேட்கும் தைரியம் வருவதில்லை. சோம்பலைச் சகித்துக்கொள்கிறான், பதிலுக்குப் பணிவை எதிர்பார்க்கிறான். இந்தப் பேரத்தில் நல்ல ஊழியன்தான் முதலில் வெளியேறுகிறான். கூலி கூடினால் கூலிக்காக வருகிறவர்கள் கூடுவார்கள் என்கிறார்கள். கூடட்டும். அன்பு உள்ளவன் அதைப் பட்டினியால் நிரூபித்துக் காட்டும் அவசியம் தீரும்.

இதை ஒரு சிறு பத்திரிகையில் எழுதும்போது நம் பக்கமும் திரும்ப வேண்டும். இங்கு எழுதுகிறவருக்கும் ஆசிரியருக்கும் சம்பளம் இல்லை. 1959-ல் 'எழுத்து'வைத் தொடங்கிய சி. சு. செல்லப்பா புத்தகக் கட்டுகளைத் தாமே சுமந்து கல்லூரிகளுக்குப் போய் விற்றார். சுமை அவர் தோளில் இருந்தது, அவரே ஏற்றியது. நம்மில் எவரும் எவருடைய உழைப்பிலும் மிச்சம் பிடிக்காதவரை நாமும் கிருஷ்ணய்யரின் மூன்றாம் வகை. அச்சகத்தில் பக்கம் கட்டுகிறவரின் பாக்கியை இலக்கியத்தின் பேரால் தள்ளிப்போடும் மாதத்தில் இரண்டாம் வகைக்கு வந்துவிடுகிறோம்.

ஸ்தாபனங்களிடம் நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றும் அல்ல. ஒவ்வோர் ஊழியருக்கும் நியாயமாகக் கொடுத்திருக்க வேண்டிய தொகையிலிருந்து கொடுத்த தொகையைக் கழிக்கட்டும். வருகிற மிச்சத்தை ஆண்டறிக்கையின் வரவுப் பக்கத்தில், அந்நிய நன்கொடைக்கும் உள்ளூர் நன்கொடைக்கும் மேலே, ஊழியர் நன்கொடை என்று முதல் வரியாக அச்சடிக்கட்டும். சம்பளம் மறுநாளே உயர்ந்துவிடாது. யார் யாருக்கு உதவுகிறார்கள் என்பதாவது தெரியவரும்.