முத்ஆ: ஈகையா, கடனா?

"மஹர் கொடுத்தாயிற்று, இத்தா முடியும்வரை செலவுக்கும் கொடுத்தாயிற்று, இனி அவளுக்கு நம்மிடம் என்ன பாத்தியதை?" என்று தலாக் சொன்ன நம்மவர் சிலர் கேட்கின்றனர்.

தலாக் சொல்லப்பட்ட பெண்களுக்கு முறைப்படி முத்ஆ அளிப்பது இறையச்சமுடையோர் மீது கடமை என்பது திருமறை 2:241-ன் கருத்து. தீண்டுமுன் விலக்கப்பட்டவளுக்குங்கூட, வசதியுள்ளவன் தன் வசதிக்கும் வறியவன் தன் நிலைக்கும் ஏற்பக் கொடுக்கவேண்டும் என்கிறது 2:236. ஒரு நாளும் சேர்ந்து வாழாதவளுக்கே இவ்வாறெனில், இருபதாண்டு குடும்பம் நடத்தியவளுக்கு எவ்வளவு? முத்ஆ எவருக்குக் கட்டாயம் என்பதில் ஹனபி, ஷாபிஈ சட்டங்களிடையே வேற்றுமையுண்டு, மெய்தான். ஆயினும் கொடுக்கும் வேளையில் மட்டும் மத்ஹபு ஆராய்ச்சியில் இறங்குவோரை என்னென்பது!

1966-ம் ஆண்டு முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டப்படி சிங்கப்பூர் ஷரீஅத் நீதிமன்றம் முத்ஆ விதிக்கலாம். சொத்தைப் பங்கிடுகையில், வீட்டையும் மக்களையும் பேணிய உழைப்பையும் அது கருத்திற் கொள்கிறது.

கூட்டு வியாபாரத்தில் பங்காளி விலகினால் ஐந்தொகை எடுக்காமல் அனுப்புவோமா? கடைப் பையன்களுக்குச் சோறாக்கிப் போட்ட மனைவியின் பெயர் நம் பேரேட்டில் இல்லை. எழுதாத காரணத்தால் பாக்கி இல்லையென்று ஆகிவிடுமா? கடை நொடித்தவனிடம் பெருந்தொகை கேட்பதும் முறையன்று. அவன் நிலைக்குத் தக்கது போதும்.

நகை விஷயம் வேறு. கைம்முதல் குறைந்தபோது அவள் கடனாகக் கழற்றிக் கொடுத்த நகை அவளுடைய சொந்தச் சொத்து. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இதுவே முத்ஆ" என்று கணக்கெழுதுவோரும் நம்மிடையே இருக்கின்றனர்.