பையை மெச்சுகிறோம், கையை?

வேலணைத் தீவில் ஒரு பெண் திண்ணையில் இருந்து தோல் கைப்பை தைத்தால் ஊர் முதலில் கேட்பது, "கடையில வாங்கினா முடிஞ்சுது, ஏன் பிள்ளை மினக்கெடுறாய்?" என்பதுதான். கேள்வி நியாயமானது. பெரிய நிறுவனங்களின் பெயர் பொறித்த பைகள் யாழ்ப்பாணக் கடைகளில் சில ஆயிரம் ரூபாவுக்கே தொங்குகின்றன. பெயரும் பொய், பல நேரம் தோலும் பொய். நான் தைக்க எடுத்ததும் பெரிய இடத்து மாதிரி ஒன்றைப் பார்த்துத்தான். வேலையைப் பார்த்துப் பழகினேன், பெயரைத் தொடவில்லை. பார்த்துப் பழகுவது எந்தக் கைவினைக்கும் பொதுவான பள்ளிக்கூடம். பெயரைத் திருடுவது வேறு கணக்கு.

அந்த மாதிரி இத்தாலியின் பொத்தேகா வெனெத்தா நிறுவனத்தினுடையது. 1966இல் வீச்சென்சாவில் தொடங்கிய அந்த நிறுவனம், தோலை மெல்லிய வார்களாக அரிந்து குறுக்கும் நெடுக்குமாகப் பின்னுவதற்குப் பெயர்போனது. அந்தப் பையின் படத்தைக் கண்டதும் எனக்கு அம்மம்மா ஓலை வாரும் சத்தகம்தான் நினைவுக்கு வந்தது. ஓலையை ஒரே அகலத்தில் வார்ந்து பாயும் பெட்டியும் இழைத்தவர்கள் எங்கள் தீவுகளில் வீட்டுக்கு வீடு இருந்தார்கள். ஒரு வார் அகலம் பிசகினால் பெட்டியின் மூலை இழுபடும், வாய் கோணும். தோலும் அப்படித்தான். ஆனால் ஓலை காய்ந்து இறுகும். தோல் பாரத்துக்கு நீளும். மிருகத்தின் முதுகுப் பக்கத் தோல் அதிகம் நீளாது, வயிற்றுப் பக்கம் நீளும். ஆகவே பாரம் தாங்கும் நெடுக்கு வார்களை முதுகுப் பக்கத்தில் இருந்தே எடுக்க வேண்டும்.

பின்னல் கைக்குத் தெரிந்திருந்தது. தையலுக்கு ஆள் தேவைப்பட்டது. வீட்டுத் தையல் மெசின் தடித்த தோலுக்கு உதவாது. யாழ்ப்பாணம் பஸ் நிலையப் பக்கம் குடைக்குக் கீழே இருந்து செருப்புத் தைக்கும் ஓர் அண்ணையிடம் கேட்டேன். தன் சாமான் பெட்டியை ஒதுக்கி எனக்கு இடம் தந்தார். ஒரே நூல், அதன் இரு நுனியிலும் ஊசி. நூலுக்கு மெழுகு பூசி, குத்தூசியால் துளைத்து, ஒரே துளைக்குள்ளால் இரண்டு ஊசிகளையும் எதிரெதிரே விட்டு இழுக்க வேண்டும். "ரெண்டு கையும் ஒரே பலத்தில இழுக்கோணும் தங்கச்சி. ஒரு கை கூட இழுத்தா கோடு வளைஞ்சிடும்" என்றார். இந்தத் தையலில் ஒரு பக்கத்து நூல் தேய்ந்து அறுந்தாலும் மறு பக்கத்து நூல் தோலைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒருவர் கைபேசியில் கதைத்தபடி வந்து, காலில் இருந்த செருப்பை அவர் முன்னால் உதறிவிட்டார். தைத்து முடிந்ததும் காசை நிலத்தில் வைத்துவிட்டுப் போனார். அண்ணை ஒன்றும் சொல்லாமல் எடுத்துப் பொக்கற்றுக்குள் வைத்தார்.

இந்த இரட்டை ஊசித் தையல்தான் பாரிஸின் ஹெர்மேஸ் நிறுவனத்துக்கும் பெருமை. 1837இல் அது குதிரைகளைப் பூட்டும் வார் தைக்கும் பட்டறையாகத் தொடங்கியது. நடிகை ஜேன் பேர்க்கின் எங்கே போனாலும் ஒரு பின்னல் கூடையைத்தான் காவித் திரிந்தார். விமானத்தில் அவருக்குப் பக்கத்தில் இருந்த அந்நிறுவனத் தலைவரோடு கதைத்ததில் உருவான தோல் பை 1984இல் வந்தது. பேர்க்கினுக்கென்று செய்த முதல் பை 2025 ஜூலையில் பாரிஸ் ஏலத்தில் ஏறத்தாழ 86 லட்சம் யூரோவுக்குப் போனது. அந்த விலை முழுவதும் தைத்த கைக்கு உரியதல்ல. பெயருக்கும் அருமைக்கும் உரியது. ஆனாலும் சேணம் தைத்தவர்களின் பட்டறை என்று சொல்லிக்கொள்ள அங்கே எவரும் கூசவில்லை.

நெடுந்தீவுக் குதிரைகளைப் பார்க்க நாங்களும் படகேறிப் போகிறோம். போர்த்துக்கேயர் கதையும் ஒல்லாந்தர் கதையும் சொல்கிறோம். அந்தக் குதிரைகளுக்கு வார் தைத்தவர் பெயரை ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. தோலைத் தொட்டவரையும் பனை ஏறியவரையும் திண்ணைக்கு வெளியே நிறுத்திய சமூகம் எங்களுடையது. பனை ஏறியவர் வெட்டிப் போட்ட ஓலையில் இழைத்த பாயில் படுத்தோம். அவரைப் பாயில் இருத்தவில்லை. சாதியைச் சொல்லி ஒதுக்குவதற்கு எதிராகச் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இல் வந்தது. அதற்குப் பிறகும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் தங்களை விடச் சொல்லி ஒதுக்கப்பட்டவர்கள் வாசலில் போராட வேண்டியிருந்தது. இப்போது வெளியே நிறுத்துவது குறைந்திருக்கலாம். காசை நிலத்தில் வைக்கும் பழக்கம் போகவில்லை.

நயினாதீவில் அம்மனைக் கும்பிட்டுவிட்டு வரும் வழியில் பனையோலைப் பை விற்கும் பெண்களிடம் ஐம்பது ரூபா குறைக்கச் சொல்லி நிற்பவர்களின் தோளைப் பார்த்திருக்கிறேன். சிலர் தோளில் தொங்கும் பையை வாங்கிய கடையில், விலையைக் குறைத்துக் கேட்க அவர்களுக்கு வாயே வந்திராது. வெளிநாட்டுக் கைவேலைக்குக் கலை என்று பெயர். எங்கள் பெண்ணின் கைவேலைக்கு "ஓலைதானே" என்று விலை.

என்னிடம் மினக்கேட்டைப் பற்றிக் கேட்டவர்களுக்கு இப்போது ஒரு பதில் இருக்கிறது. ஒரு பை எவ்வளவு வேலை என்று தைத்த பிறகுதான் தெரிந்தது. தெரிந்த பிறகு பேரம் பேச வாய் வரவில்லை. எல்லோரும் தோல் தைக்க வேண்டியதில்லை. ஓலைப் பைக்கு அந்தப் பெண் சொன்ன விலையைக் கொடுங்கள். செருப்புத் தைத்தவருக்குக் காசைக் கையில் கொடுங்கள்.