நாயைத் தொட்ட கை தொழுகைக்கு ஆகுமா?



60 வயதில் பணி ஓய்வு. மிச்ச நாட்களைப் பிராணிகள் காப்பகத்தில் தொண்டு செய்து கழிக்கலாமா என்று ஒருவர் கேட்டால், நம் மஹல்லாவில் உடனே வரும் பதில்: "நாய் நஜீஸ் ஆச்சே ஹஜ்ரத்! இந்த வயதில் தஸ்பீஹ் ஓதக் கூடாதா?"

தாகத்தால் ஈர மண்ணை நக்கிய நாய்க்காக ஒருவர் கிணற்றில் இறங்கிய சம்பவம் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. தம் தோல் காலுறையில் நீர் மொண்டு, அதை வாயில் கவ்விக்கொண்டு ஏறினார். ஏறுவதற்கு இரு கைகளும் வேண்டுமே! அதற்காக அல்லாஹ் அவரை மன்னித்தான் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதும், பிராணிகள் விஷயத்திலும் கூலி உண்டா என்று ஸஹாபாக்கள் வியந்து கேட்டார்கள். உயிருள்ள ஒவ்வொன்றிலும் உண்டு என்பதே பதில்.

நஜீஸ் என்பது கழுவச் சொல்லும் சட்டம். வெறுக்கச் சொல்லும் சட்டமல்ல. ஷாஃபிஈ மத்ஹபில் ஈரத்தோடு பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், ஒரு முறை மண் கலந்து. காய்ந்த உடம்பு காய்ந்த கையில் பட்டால் ஒன்றுமில்லை. காப்பகத்துக்கென்று ஒரு சட்டை வைத்துக்கொள்ளுங்கள். லுஹருக்கு முன் மாற்றிவிடுங்கள். தீர்ந்தது.

ஆனால் வேறொரு கேள்வி கடினமானது. குற்றாலத்தில் சீசன் முடிந்ததும் மிச்சச் சோற்றை நம்பியிருந்த நாய்கள் பசியில் அலையும். தெருமுனையில் சோற்றைக் கொட்டிவிட்டு வந்தால் போதுமா? அந்த நாய் மதரஸாவுக்குப் போகும் பிள்ளையைக் கடித்தால், அண்டைவீட்டார் ஹக் என்னாவது? பாதி இரக்கத்தை நான் ஆதரிக்க மாட்டேன். தடுப்பூசி, கருத்தடை வரை போக வேண்டும். பயன் கருதிப் பிராணிகளுக்குக் காயடிப்பதை ஹனஃபீ நூல்கள் தடுக்கவில்லை. சென்னையில் விமானி கேப்டன் சுந்தரம் 1959-ல் தொடங்கிய ப்ளூ கிராஸ், தெருநாய்களைக் கொல்லாமல் கருத்தடை செய்யும் முறையை 1964-லேயே கையிலெடுத்தது. மாநகராட்சி அதை ஏற்றது 1996-ல். 32 ஆண்டுகள்! ஸப்ர் வேண்டிய வேலைதான்.

வீட்டில் மருந்துக்குக் காசில்லாத அக்கா இருந்தால் அவருடைய ஹக் முந்தியது. அது போக மிஞ்சும் நேரத்தைத்தான் சொல்கிறேன்.

போகிறவர்கள் முன்கூட்டியே வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். கடிபட்டால் மஞ்சள், சுண்ணாம்பு வேண்டாம். சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஓதிப் பார்ப்பதெல்லாம் ஊசிக்குப் பிறகு.