பீங்கானின் விலையும் பெறுமதியும்



பலேர்மோவில் எம்மவருள் பலர் வயோதிபர்களை அவர்களுடைய வீடுகளிலேயே தங்கிப் பராமரிக்கும் தொழிலைச் செய்து வருவது யாவரும் அறிந்ததே. அந்த முதியவர் காலமானதும், வெளியூரிலிருந்து பிள்ளைகள் வந்து வீட்டை ஒதுக்கும்போது, "இந்தப் பழைய பீங்கான்களை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போவதும் வழக்கம். சென்ற தைப்பூசத்துக்கு மறுநாள் அப்படியான ஒரு பெட்டியுடன் ஒரு சகோதரி எமது வீட்டுக்கு வந்தார். "அண்ணை, நீங்கள் கணக்குப் படிச்சனீங்கள்தானே, இது என்ன விலை போகும்?" என்று கேட்டார்.

பீங்கானை மதிப்பிடுவதற்கு முதலில் அதைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். அடியிலுள்ள முத்திரைதான் அதன் பிறப்புச் சாட்சி. இவற்றில் 'ரிச்சார்ட் ஜினோரி' என்றிருந்தது. ஜினோரி என்பது 1735இல் புளோரன்சுக்கு அருகே தொடங்கப்பட்ட தொழிற்சாலை. மிலான் நகரின் ரிச்சார்ட் நிறுவனத்துடன் அது 1896இல்தான் இணைந்தது. ஆகவே இரு பெயர்களும் சேர்ந்திருந்தால் அந்தப் பீங்கான் அதற்குப் பிற்பட்டதே. அடுத்து நகத்தால் தட்டிப் பார்க்க வேண்டும். வெடிப்பில்லாதது மணிபோல ஒலிக்கும், வெடித்தது மந்தமாக ஒலிக்கும். விளிம்பில் விரலை ஓடவிட்டால் கண்ணுக்குத் தெரியாத உடைவும் அகப்படும். பொன் வரை தேய்ந்திருக்கிறதா, எண்ணிக்கை முழுமையாக உள்ளதா என்பவையும் கவனிக்கற்பாலன.

விற்பவர் கேட்கும் விலை சந்தை விலை ஆகாது. வாங்குபவர் கடைசியில் கொடுத்த விலையே சந்தை விலை. பொன் வரையிட்ட பீங்கானை இயந்திரத்தில் கழுவ முடியாது. இன்றைய சிறிய வீடுகளில் வைக்கவும் இடமில்லை. அதனால் முழுத் தொகுதிகளும் சொற்ப விலைக்கே போகின்றன. ஆயினும் சகோதரியின் பெட்டியில் இரண்டு கிண்ணங்கள் வேறு வகையாகத் தெரிந்தன. பேராலயத்துக்கு அருகே, பழம்பொருள் வியாபாரத்துக்கு நெடுங்காலமாகப் பெயர்போன பியாற்சா பெரான்னிப் பக்கம் ஒரு வியாபாரியிடம் காட்டினோம். 1923 முதல் 1930 வரை அந்த நிறுவனத்தின் கலை இயக்குநராக இருந்த ஜியோ பொன்தியின் வடிவங்கள் அவை என்று அவர் சொன்னார். மிகுதி முழுவதற்கும் சொன்ன விலையைவிட அந்த இரண்டுக்கும் சொன்ன விலை பல மடங்கு.

இங்கேதான் கேள்வி எழுந்தது. கொடுத்த மகனுக்கு இது தெரியாது. அவருக்குச் சொல்ல வேண்டுமா?

எமது வீட்டில் இருந்தவர்கள் வேண்டாம் என்றே சொன்னார்கள். தந்தது தந்ததுதான், ஏழு வருடம் இரவு பகலாகப் பார்த்தவளுக்குக் கொடுத்த சம்பளம் போதாது, இது அதற்கு ஈடு என்றார்கள். சம்பளம் போதாது என்பது உண்மைதான். ஆனால் ஒருவரிடம் வரவேண்டியதை அவருக்குத் தெரியாமல் வேறொன்றில் கழித்துக்கொள்வதைக் கணக்கியல் ஒப்புக்கொள்ளாது. கழிப்பதானால் இரு தரப்பாரும் அறிந்தே கழிக்க வேண்டும். பிறர் பொருளையும் தம் பொருள்போலப் பேணுவதை வள்ளுவர் வாணிகத்துக்கு விதித்தது 'நடுவு நிலைமை' அதிகாரத்தில் என்பதும் நினைக்கத்தக்கது.

இந்தச் சிசிலியிலேயே இதைப்பற்றிப் பெரிய வழக்கொன்று நடந்தது. கி.மு. 73 முதல் 71 வரை இங்கு ஆளுநராக இருந்த வெரெஸ் என்பவன், விருந்து மேசையிலிருந்த வெள்ளிப் பாத்திரங்களையும் விட்டுவைக்கவில்லை. மெசினாவில் ஹேயுஸ் என்பவருடைய வீட்டு வழிபாட்டறையில், முன்னோர் விட்டுச்சென்ற நான்கு சிலைகள் இருந்தன. அவற்றை 6,500 செஸ்டெர்ஸ் நாணயங்களுக்கு 'வாங்கியதாக' வெரெஸ் கணக்குக் காட்டினான். கி.மு. 70இல் வழக்குத் தொடுத்த சிசரோ எழுப்பிய கேள்வி எளிமையானது: கடனோ தேவையோ இல்லாத ஒருவர் முன்னோரின் பொருளை இந்த விலைக்கு ஏன் விற்க வேண்டும்? கணக்கேட்டில் பதிவு இருந்தது. ஆனால் அது விற்பனை அல்ல.

இதை வாசித்தபோது எமக்கு எமது அலுமாரியே ஞாபகம் வந்தது. அதில் ஆறு பீங்கான்கள் உள்ளன; அம்மா காலமானபின் யாழ்ப்பாணத்திலிருந்து தங்கை அனுப்பியவை. 1990 அக்டோபரில் வடக்கின் முஸ்லிம் மக்கள் 70,000க்கும் மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகர முஸ்லிம்கள் அந்த மாதம் 30ஆம் திகதி, சில மணி நேர அவகாசத்தில், உடுத்த உடுப்போடு போனார்கள். அவர்கள் விட்டுச்சென்ற சாமான்கள் பின்பு மலிவாகக் கைமாறின. அம்மா இந்த ஆறையும் அப்படித்தான் வாங்கினார். எமக்கு அப்போது பத்து வயது. "யாற்றை கோப்பை அம்மா?" என்று கேட்டோம். "பேசாமல் சாப்பிடு" என்றார்.

சரியாக ஐந்து வருடங்களின் பின், 1995 அக்டோபர் 30இல், வலிகாமத்தை விட்டு நாமும் நடந்தோம். திரும்பிப் போனபோது வீட்டில் எமது சொந்தச் சாமான் ஒன்றுமே இல்லை. அம்மா மாமரத்தடியில் புதைத்த அந்த ஆறும் மட்டும் பத்திரமாக இருந்தன. எமது சாமான்களையும் யாரோ மலிவாக வாங்கியிருப்பார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் யாருடையவை என்று கேட்டிருக்கக்கூடும்.

சகோதரிக்கு நாம் இதைச் சொன்னோம். அவர் அன்றிரவே அந்த மகனுக்குத் தொலைபேசி எடுத்தார். மறுவாரம் அவர் வந்து ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, மற்றதை அவரிடமே கொடுத்து, விரும்பினால் விற்கலாம் என்றார். இரண்டையும் வைத்திருந்தால் கிடைத்திருக்கும் பணம் கிடைக்கவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்தப் பணம் அவருக்குத் தேவையாகவும் இருந்தது.

எமது ஆறு பீங்கான்களுக்கு அப்படித் தொலைபேசி எடுக்க ஆளில்லை. உரியவரின் பெயர்கூட எமக்குத் தெரியாது. ஆகவே அவற்றை விற்பதில்லை என்று தீர்மானித்துள்ளோம். பிள்ளைகள் கேட்டால், "பேசாமல் சாப்பிடு" என்று சொல்லாமல் முழுக் கதையையும் சொல்கிறோம். எமது குடும்பத்துக்கு ஓர் ஐந்தொகை எழுதுவதானால், அந்த ஆறும் சொத்துப் பக்கத்தில் வரமாட்டா. பொறுப்புப் பக்கத்திலேயே வரும்.

அடியார்கள் தத்தம் அலுமாரியையும் ஒருமுறை திறந்து பார்ப்பார்களாக.