ஏற்றமும் இறக்கமும்

கடோபநிஷதம் உடலைத் தேராகவும், புத்தியைச் சாரதியாகவும், மனத்தைக் கடிவாளமாகவும், புலன்களைக் குதிரைகளாகவும் உருவகிக்கிறது. ஆத்மாவே அத்தேரில் வீற்றிருக்கும் தலைவன். இன்று குதிரை பூட்டிய தேர்கள் இல்லை. சாரதியின் பொறுப்போ மாறவில்லை. கார் ஓட்டுவோர் அதை நாள்தோறும் ஏற்கின்றனர். கியர் மாற்றும் எளிய செயலைக் கூர்ந்து நோக்கினால், சாதகனுக்குரிய பாடங்கள் அதில் பொதிந்திருப்பது விளங்கும்.

முதல் கியரில் இழுவிசை அதிகம், வேகம் குறைவு. ஐந்தாவது கியரில் வேகம் அதிகம், இழுவிசை குறைவு. நிற்கும் வண்டியை ஐந்தாவது கியரில் கிளப்ப முயன்றால் இன்ஜின் அதிர்ந்து நின்றுவிடும். ஆன்மிக வாழ்வில் புகுந்த சிலர் முதல் நாளிலேயே மூன்று மணி நேரம் தியானிக்க முற்படுகின்றனர். ஒரு வாரத்தில் சோர்ந்து அனைத்தையும் கைவிடுகின்றனர். மனத்தைச் சிறிது சிறிதாகவே அடக்க வேண்டும் என்று கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் பகவான் அறிவுறுத்துகிறார். பத்து நிமிடமே ஆயினும் நாள் தவறாத ஜபம், இதுவே நமது முதல் கியர்.

கியரை மாற்றுமுன் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, கிளட்சை முழுவதும் அழுத்துகிறோம். அக்கணம் இன்ஜினின் விசை சக்கரங்களைச் சென்றடைவதில்லை. அந்த விடுபட்ட நிலையில்தான் கியர் ஓசையின்றி மாறுகிறது. அரைகுறையாக அழுத்தினால் பற்சக்கரங்கள் உராய்ந்து அலறும். அலுவலக வேகத்தோடு வீட்டினுள் நுழைந்து, ஓடிவரும் குழந்தையிடம் எரிந்து விழுவதும் அத்தகைய உராய்வே. வாசற்படியில் ஒரு கணம் நின்று இறைவன் திருநாமத்தை நினைத்து உள்ளே செல்லுங்கள். அன்றைய மாலைப்பொழுதே மாறிவிடும்.

எனினும், கிளட்சின் மீதே எப்போதும் காலை வைத்திருந்தால் கிளட்ச் தட்டு தேய்ந்து போகும். பற்றின்மை என்ற பெயரில் கடமைகளைப் பாதி மனத்துடன் செய்வதும் அவ்வாறானதே. விடுபடுதல் கணநேரம், அதன்பின் முழு மனத்துடன் செயலாற்றுதல் வேண்டும்.

ரிஷிகேசத்திலிருந்து பத்ரிநாத் செல்லும் மலைப்பாதையை எண்ணிப் பாருங்கள். கடல் மட்டத்திலிருந்து 3,100 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ளது அத்திருத்தலம். ஏறும்போது ஓட்டுநர் இயல்பாகவே விழிப்புடன் இருப்பார். இறங்கும்போதுதான் சோதனை. எரிபொருளை மிச்சப்படுத்த எண்ணி நியூட்ரலில் வண்டியை உருளவிட்டால், வேகத்தைத் தாங்கும் பொறுப்பு முழுவதும் பிரேக்கின் மீது விழும். ஓயாமல் மிதிக்கப்படும் பிரேக் சூடேறி வலுவிழக்கும். ஆகவே, ஏறுவதற்கு எந்த கியர் வேண்டியிருந்ததோ, ஏறத்தாழ அதே கியரில் இறங்குவது மலைப்பாதை ஓட்டுநர்களின் மரபு. அப்போது இன்ஜினே வண்டியைத் தாங்கிப் பிடிக்கிறது.

தீர்த்த யாத்திரையும் ஆன்மிக முகாமும் நமக்கு ஏற்றங்கள். இல்லம் திரும்பியதும் ஜபத்தையும் பாராயணத்தையும் கைவிடுவது நியூட்ரலில் இறங்குவதாகும். பின்னர் கோபமும் ஆசையும் விரைந்து வரும்போது, மன உறுதி என்ற பிரேக்கை மட்டும் நம்பி என்ன பயன்? நம்மை உயர்த்திய அதே சாதனை, இறக்கத்திலும் நம்மோடு இணைந்திருக்கட்டும். அதுவே நம்மைத் தாங்கும். அதுவே நம்மைக் காக்கும்.