கோடு கிழிப்பவர் யார்?

சர்க்கரை நோய் விழித்திரையை வலி காட்டாமலே கெடுக்கிறது. பார்வை மங்கும் நாளில் சேதம் முற்றியிருக்கும். முன்பே தெரிந்தால் லேசர் சிகிச்சையும் கண்ணுக்குள் போடும் ஊசியும் பெரும்பாலோரின் பார்வையைக் காக்கும். விழித்திரைப் படத்தை வைத்து நோயறியும் இயந்திரக் கற்றல் விரைவாக வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 2016இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில் ஏறத்தாழ 1,28,000 படங்கள் பயிற்சிக்குப் பயன்பட்டன. அவற்றில் ஒரு பகுதி அரவிந்த் கண் மருத்துவமனை, சங்கர நேத்ராலயா உள்ளிட்ட இந்திய மருத்துவமனைகளிலிருந்து போனது.

இயந்திரம் நோய் உண்டு, இல்லை என்று சொல்வதில்லை. 0க்கும் 1க்கும் இடையே ஓர் எண்ணைத் தருகிறது. எந்த எண்ணுக்கு மேல் இருந்தால் நோயாளியை மருத்துவரிடம் அனுப்புவது என்ற கோட்டை மனிதர்தான் கிழிக்க வேண்டும். அந்த ஆய்வே இரண்டு கோடுகளைக் காட்டியது. சோதித்த ஒரு படத்தொகுப்பில், முதல் கோடு நோயுள்ளவர்களில் 90.3 விழுக்காட்டினரைப் பிடித்தது, நோயற்றவர்களில் 98.1 விழுக்காட்டினரைச் சரியாக விடுவித்தது. இரண்டாவது கோட்டில் அவை 97.5, 93.4. பரிசோதனைக்கு வரும் 1,000 பேரில் 100 பேருக்கு மருத்துவரிடம் அனுப்ப வேண்டிய அளவுக்கு நோய் இருப்பதாகக் கொள்வோம். முதல் கோட்டில் சுமார் 10 பேர் விடுபட்டுப்போவார்கள், 17 பேர் வீணாக அலைவார்கள். இரண்டாவதில் விடுபடுவோர் இரண்டு மூன்று பேர். அலைவோர் 59 பேர்.

எது சரி என்று கணக்கு சொல்லாது. நன்றாக இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போகிறவர் அடுத்த ஆண்டுவரை கண்ணைப் பற்றி நினைக்கமாட்டார். வீணாக அனுப்பப்பட்டவரோ பஸ் ஏறி, ஒரு நாள் கூலியை இழந்து, கண் போய்விடுமோ என்ற பயத்தோடு காத்திருக்கிறார். போன பார்வை திரும்பாது, போன கூலியை நாளை சம்பாதிக்கலாம் என்பதால் இரண்டாவது கோட்டின் பக்கமே நியாயம் சாய்கிறது. ஆனால் மாவட்டத்துக்கு ஒரே விழித்திரை நிபுணர் என்றால், அந்த 59 பேரும் உண்மையான நோயாளிக்கு முன்னே வரிசையில் நிற்பார்கள். கோடு ஊருக்கு ஊர் மாற வேண்டியதுதான். மென்பொருளோடு வந்த எண்ணை யாரும் தொடாமல் விட்டுவிடுவதும் ஒரு தேர்வே; அதற்குப் பொறுப்பேற்பவர் மட்டும் இருப்பதில்லை.

தாய்லாந்தில் 11 மருத்துவ நிலையங்களில் இத்தகைய இயந்திரத்தை வைத்து நடந்த கள ஆய்வு 2020இல் வெளியானது. தெளிவற்ற படத்தை இயந்திரம் ஏற்காது. தவறாகப் படிப்பதைவிடப் படிக்காமல் விடுவது மேல் என்ற நல்லெண்ணத்தில் அமைத்த விதி அது. பல நிலையங்களில் அறையை இருட்டாக்க வசதியில்லை. எடுத்த படங்களில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் இப்படித் திருப்பி அனுப்பப்பட்டன. நோயின் அறிகுறியே இல்லாதவர்களும் வேறு மருத்துவமனைக்குப் போக வேண்டியதாயிற்று. விதியை எழுதியவருக்கு அது முன்னெச்சரிக்கை, செலவோ நோயாளியுடையது.

தவறு நேர்ந்தால் பதில் சொல்வது யார் என்பதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. 2018இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் மருத்துவர் குறுக்கீடின்றி முடிவு சொல்லும் ஐடிஎக்ஸ்-டிஆர் கருவிக்கு அனுமதி தந்தபோது, தயாரித்த நிறுவனமே பிழைக்கான பொறுப்பை ஏற்று காப்பீடு எடுத்தது. நேர்மையான ஏற்பாடு. கருவியின் பிழைக்கு நிறுவனம் நிற்கலாம். ஆனால் பயன்படுத்துபவரே கோட்டை நகர்த்தக்கூடிய கருவிகளில் அந்த ஏற்பாடு போதாது.

காசநோயில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களின் மார்பு எக்ஸ்ரேயை மனிதருக்குப் பதிலாக மென்பொருள் படிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. கோட்டை அந்தந்த இடத்தின் நிலவரத்துக்கேற்பப் போட்டுக்கொள்ள வேண்டும். மென்பொருள் சந்தேகித்தவருக்கு அடுத்தது சளிப் பரிசோதனை. அதற்குச் சளியைச் சோதிக்கும் கருவியில் போட ஒரு கார்ட்ரிட்ஜ் வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். கையிருப்பு குறையும் மாதத்தில் கோட்டைச் சற்று மேலே ஏற்றிவிட்டால் சந்தேகத்துக்குரியோர் எண்ணிக்கையும் குறைந்துவிடும். எந்த நாளில், யார் சொல்லி, எந்தக் காரணத்துக்காக ஏற்றப்பட்டது என்று பதிவேட்டில் எழுதி வைத்தால்தான், விடுபட்ட இருமல்காரரை மறுபடி தேடிப் போக முடியும்.